ஷவ்வால் பத்தும் பிப்ரவரி பதினான்கும்

 

ஜனவரி மாதத்தின் பின்பாதியில் ஓசூர்ப் பக்கம் சென்றிருக்கிறீர்களா? பசுமைக்குடில்களில் சிவப்பு ரோஜாக்கள் முழுதும் விரியாத மொட்டாகவே கொய்யப்பட்டு, அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் விமானம் ஏறிக்கொண்டிருக்கும். எல்லாம் பிப்ரவரி 14-க்காக. அவற்றுள் பேர்போன ஒரு வகைக்குத் ‘தாஜ்மகால்’ என்று பெயர். மும்தாஜ் மகால் 1631-ஆம் ஆண்டு புர்ஹான்பூரில் தம் 14-ஆவது மகப்பேற்றில் உயிர் நீத்தவர். ஓர் அடக்கத்தலத்தின் பெயரை மலருக்குச் சூட்டி அதைக் காதலின் அடையாளமென்று விற்பது வணிகர்களுக்கு மட்டுமே வரக்கூடிய துணிவு.

நம் நாட்டில் ‘காதலர் தினம்’ பரவியது 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்ட பிறகுதான். வாழ்த்து அட்டைக் கடைகளும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. 1999-இல் அந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்த் திரைப்படமும் வந்துவிட்டது. அன்று முதல் நம் வீடுகளில் இந்நாளைப் பற்றி இளையவர்கள் மறைவாகப் பேசுகிறார்கள். பெரியவர்கள் கோபமாகப் பேசுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு. அடியேன் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் ஓதிக்கொடுக்க வந்தவன். ஆகவே இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

வாலண்டைன் என்ற பெயரில் பழைய ரோமாபுரியில் ஒருவரல்லர், பலர் இருந்தனர். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட பாதிரியார் ஒருவரைப் பற்றித்தான் கதை வழங்குகிறது. மணமான படைவீரன் மனம் ஒன்றிப் போரிடமாட்டான் என்று கருதிய இரண்டாம் கிளாடியஸ் என்னும் பேரரசன் வீரர்களின் திருமணத்தைத் தடை செய்தானாம். பாதிரியார் இரகசியமாக மணம் முடித்துவைத்துத் தலையை இழந்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்காலத்துச் சான்று எதுவும் இக்கதைக்கு இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையே 1969-இல் தன் பொது நாட்காட்டியிலிருந்து அவருடைய திருநாளை எடுத்துவிட்டது. ரோமர்களின் ‘லூப்பர்காலியா’ விழாவே இதன் மூலம் என்று நம் துண்டுப் பிரசுரங்களில் அடிக்கடி காண்கிறோம். அவ்விழா பிப்ரவரி நடுவில் நடந்தது உண்மை. அதுவே இதுவாக மாறியது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

அப்படியானால் காதல் இதற்குள் எப்போது புகுந்தது? 14-ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர், பறவைகள் தம் துணையைத் தேர்ந்துகொள்ளும் நாளாக இதனைப் பாடினார். அதன் பிறகே இந்நாள் காதலோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து வருபவர் பிரெஞ்சு நாட்டு ஆர்லியன்ஸ் கோமகன் சார்லஸ். 1415-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் கையில் சிக்கி 25 ஆண்டுகள் அவர்கள் நாட்டில் சிறையிருந்தவர். அங்கிருந்தபடியே இந்நாளைக் குறித்துக் கவிதைகள் எழுதினார். 1440-இல் விடுதலையாகி அவர் ஊர் திரும்பியபோது மனைவி உயிருடன் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எஸ்தர் ஹவுலண்ட் என்ற பெண்மணி சரிகைத் தாள் ஒட்டிய அட்டைகளைச் செய்து விற்று இதைப் பெரும் வணிகமாக்கினார். அவர் வாழ்நாள் முழுதும் மணம் புரியவேயில்லை.

கவனியுங்கள்: சிறையில் ஒருவர், மணமாகாத ஒருவர். கூடியிருப்பவர்களைவிடப் பிரிந்திருப்பவர்களே இந்நாளின் வரலாற்றில் அதிகம் தென்படுகிறார்கள்.

கிளாடியஸின் கதை கட்டுக்கதையே ஆயினும், அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறோர் ஆட்சியாளரின் நினைவு வருகிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு மதீனாவின் தெருக்களில் காவல் சுற்றி வருகையில், ஒரு வீட்டினுள் பெண்ணொருத்தி கவிதையாகப் புலம்புவதைக் கேட்டார்கள். அவளுடைய கணவர் போர்முனைக்குச் சென்று நெடுநாளாகியிருந்தது. கலீஃபா தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுத்திருக்க முடியும் என்று கேட்டார்கள். மகளிடம் தந்தை கேட்பதற்கு எவ்வளவு கூச்சமான கேள்வி! ஆயினும் கேட்டார்கள். கிடைத்த விடையைக் கொண்டு, அதற்கு மேல் எந்த வீரரையும் களத்தில் நிறுத்திவைக்கலாகாது என்று ஆணையிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஒரு பெண்ணின் தனிமை, பேரரசின் படை விதியையே மாற்றியது.

நான்கு மாதம், ஆறு மாதம் என்று எழுதும்போது என் பேனா சற்றுத் தயங்குகிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இரண்டாண்டுக்கொரு முறை ஊர் வரும் கணவன்மார் எத்தனை பேர் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் என்னினும் நன்கறிவீர்கள்.

எங்கள் ஊர் தளவானூர். செஞ்சிக்கு அண்மையில் உள்ள சிற்றூர். மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயிலைப் பார்க்க வெளியூரார் சிலர் வருவார்கள். மற்றபடி நெல்லும் வேர்க்கடலையும்தான். எங்கள் சமுதாய வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. நிலமில்லாத வீடு எங்களுடையது. ஆகவே என் அத்தா இராணிப்பேட்டைக்குத் தோல் ஷாப்பு வேலைக்குப் போனார். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை இழுத்துப் போடும் வேலை. மாதம் ஒரு முறை, கூலி வாங்கிய சனிக்கிழமை, ஆற்காடு, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி என்று பேருந்து மாறி மாறி இரவில் வந்து சேருவார். ஞாயிறு பிற்பகல் மீண்டும் புறப்பாடு. அவருடைய சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் சுண்ணாம்பும் தோலும் கலந்த அந்த வாடை போகாது. அம்மா அதை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் உலர்த்துவார்கள்.

இராணிப்பேட்டைக்கும் எங்கள் செஞ்சிக்கும் உள்ள தொடர்பு வாசகர்களுக்குத் தெரிந்திருக்கலாம். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டான். வயது 22 என்பர். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே நவாப் ஓர் ஊரை எழுப்பி இராணிப்பேட்டை என்று பெயரிட்டார் என்பது வழிவழிச் செய்தி. இதைக் காதல் காவியமாகச் சொல்வோர் எங்கள் வட்டாரத்தில் உண்டு. என்னால் அப்படிச் சொல்ல இயலவில்லை. வாழவேண்டிய ஒரு பெண்ணை நெருப்பில் இறக்கிவிட்டு ஊருக்குப் பெயர் வைப்பதில் காவியம் என்ன இருக்கிறது? அந்தக் கதையில் என் மனத்தைத் தொடுபவர் தேசிங்கின் உயிர்த் தோழர் மஹபத் கான். மோவுத்துக்காரன் என்று கதைப்பாடல் அவரைச் சொல்லும். வழுதாவூரில் தம் திருமணத்தில் இருந்தவர், நண்பனின் அழைப்பு வந்ததும் அப்படியே எழுந்து களத்துக்குப் போய் மடிந்தாராம். எல்லாரும் அவருடைய நட்பைப் புகழ்கிறார்கள். அங்கே மணக்கோலத்தில் விடப்பட்ட பெண் பிறகு என்னவானாள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாடுகிறவர்களிடம் அதற்குப் பதிலில்லை.

அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நிக்காஹ் நடந்தது 1976-இல், ஷவ்வால் பிறை 10-இல். அறியாமைக் கால அரபியர் ஷவ்வாலில் மணம் முடிப்பதைக் கெட்ட சகுனமாக எண்ணினர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் திருமணமே அம்மாதத்தில்தான் நடந்தது என்று எடுத்துச் சொல்லி அந்த எண்ணத்தை மறுத்தார்கள். அம்மாவுக்கு இந்தச் செய்தியில் தனிப் பெருமை. நோன்புப் பெருநாளுக்கு அத்தா வருவார். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்புவார். அம்மா ஷவ்வாலின் ஆறு நோன்பையும் விடாது நோற்று முடிப்பார்கள். பிறை 10 அன்று, அது வாரத்தின் எந்த நாளாயினும், ஒரு நாள் கூலியை இழந்து அத்தா மறுபடி வந்து நிற்பார். கையில் ஆற்காட்டு மக்கன் பேடா அரைக் கிலோ. செஞ்சியில் வாங்கிய மல்லிகை மூன்று முழம்.

மக்கன் பேடாவை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்: கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் முதலிய பருப்புகளை வைத்துப் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. ஆற்காட்டு நவாபுகளின் காலத்துப் பண்டம் என்பார்கள். தோல் ஷாப்புத் தொழிலாளியின் கூலிக்கு அது ஏற்ற பண்டமன்று. பேடா டப்பாவை அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டு அத்தா சொல்வது ஒரே சொற்றொடர்தான்: “வழியில கிடைச்சுது.” அம்மா ஒன்றை இரண்டாகப் பிட்டுப் பாதியை நீட்டுவார்கள். “எனக்கு இனிப்பு ஒத்துக்காது” என்று அத்தா சொல்வார். பிறகு வாங்கிக்கொள்வார். ஆண்டுதோறும் அதே சொற்கள், அதே பாதி. அதற்கு மேல் அவர்கள் தங்களுக்குள் அன்பைப் பற்றிப் பேசி நாங்கள் பிள்ளைகள் கேட்டதில்லை. சிறுவர்களாகிய எங்களுக்கு அந்த நாளின் பொருள் வயிறு நிறையப் பேடா என்பது மட்டுமே.

2011-இல் அத்தா வஃபாத்தானார். அடுத்து வந்த ஷவ்வாலில், ஆற்காடு வழியே வரும் உறவினர் ஒருவரிடம் அம்மா பணம் கொடுத்தனுப்பி மக்கன் பேடா வாங்கிவரச் சொன்னார்கள். வீட்டில் எவருக்கும் தரவில்லை. நான்கு பொட்டலமாகக் கட்டி, அத்தாவோடு ஒரே குழியில் நின்று வேலை பார்த்தவர் வீட்டுக்கு ஒன்று, அகாலத்தில் வந்திறங்கும் அவரை மாட்டுவண்டியில் ஏற்றிவந்த நாயக்கர் வீட்டுக்கு ஒன்று, முடி திருத்துபவருக்கு ஒன்று, கடன் சொல்லிச் சாமான் தந்த மளிகைக்காரருக்கு ஒன்று என அனுப்பினார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் இது நடந்துவந்தது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எங்கள் பகுதியில் ஒரு துண்டுப் பிரசுரம் வழங்கப்பட்டது. காதலர் தினம், பிறந்த நாள், திருமண நாள் ஆகிய யாவும் பிறருடைய பழக்கம். ஆண்டுக்கொரு நாளைக் குறித்து எதையும் செய்வது கூடாது என்பது அதன் சாரம். வழங்கிய இளைஞர் எங்கள் தெருவினர், மார்க்கப் பற்றுள்ளவர், வளைகுடாவில் வேலை. அவருடைய அக்கறையில் எனக்கு ஐயமில்லை. அன்னிய ஆணும் பெண்ணும் தனித்துப் பழகுவதும், அதற்கென ஒரு நாளை ஒதுக்குவதும் நம் மார்க்கத்திற்கு ஒவ்வாதவை என்பதில் எனக்கும் இரண்டு கருத்தில்லை. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து, “பெரியம்மா, நீங்க வருசா வருசம் கல்யாண நாளுக்கு இனிப்புக் கொடுக்கிறதும் இதுல சேர்ந்ததுதான்” என்று பணிவாகவே சொல்லிவிட்டுச் சென்றார்.

அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு இஷாவுக்குப் பின் என்னை அழைத்தார்கள். “நீ நாலு பேருக்கு ஓதிக்கொடுக்கிறவன். சொல்லு. இத்தனை வருசமா நான் செஞ்சது பாவமா?”

எனக்கென ஒரு கருத்து இருந்தது. எனினும் தாய்க்கு மகன் ஃபத்வா கொடுப்பதை நானும் விரும்பவில்லை, அம்மாவும் ஏற்கமாட்டார்கள். “பெரிய ஹள்ரத்கிட்ட கேட்டுட்டு வா. அவங்க வேணாம்னா விட்டுடறேன்” என்றார்கள். அந்த வாரங்களில் அவர்களுடைய முகத்தை நாங்கள் பார்த்தோம். என் இல்லத்தரசி ஒருநாள், “மாமி சாப்பாட்டுல கையே வைக்கிறதில்ல” என்று மெல்லச் சொன்னாள். எழுபதை நெருங்கும் ஒரு பெண்ணிடம் எஞ்சியிருந்தது ஆண்டில் அந்த ஒரு நாள். அதையும் பாவக் கணக்கில் எழுதிவிட்டால், கடந்தவையும் சேர்ந்தல்லவா கறுத்துப் போகும்?

ஷஃபான் மாதத்தில் நான் ஓதிய மதரஸாவின் மூத்த ஹள்ரத் அவர்களைச் சென்று கண்டேன். முழுதும் கேட்டுவிட்டு, கைப்பேசியில் அம்மாவை அழைக்கச் சொன்னார்கள். இரண்டே கேள்விகள். “அந்த நாளில் கொடுத்தால் கூடுதல் நன்மை என்று நினைத்துக் கொடுக்கிறீர்களா?”

“நன்மைக்கு நாள் எதுக்கு ஹள்ரத்? அவரு அன்னிக்கு வருவாரு. அவ்வளவுதான்.”

“யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள்?”

அம்மா நான்கு வீட்டையும் சொன்னார்கள். ஹள்ரத் சிறிது நேரம் பேசவில்லை. இது வணக்கமாகக் கருதிச் செய்யப்படுவதன்று, இதில் தவறில்லை என்றார்கள். பேணுதல் கருதி ஆண்டுக் கணக்கையே தவிர்க்கச் சொல்லும் ஆலிம்களும் உண்டு. அவர்களை நான் குறைகூற மாட்டேன். ஆனால் ஹள்ரத் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால், மறைந்துபோன அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தோழியருக்கு அதிலிருந்து பங்கு அனுப்பிவைப்பார்களே, அந்த ஹதீஸை உங்கள் அம்மாவுக்கு நினைவூட்டுங்கள் என்றார்கள்.

நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹதீஸ் அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிப்பது; தாம் கண்டேயிராத கதீஜா நாயகியின் மீது தமக்கு எவ்வளவு ரோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். பத்ருப் போரில் கைதான மருமகன் அபுல் ஆஸை மீட்க, மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து ஒரு கழுத்தணியை அனுப்பினார்கள். மகளின் திருமணத்தில் தாய் கதீஜா (ரலி) அவர்கள் அணிவித்த அணி அது. அதைப் பார்த்ததும் அண்ணலாரின் உள்ளம் உருகிவிட்டது; இயன்றால் கைதியையும் விடுவித்து அணியையும் திருப்பித் தந்துவிடுங்கள் என்று தோழர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அன்னையார் மறைந்து அப்போது ஆண்டுகள் பல கடந்திருந்தன. மக்களில் தமக்கு மிகவும் பிரியமானவர் யார் என்று அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) கேட்டபோது தயங்காமல் ஆயிஷா என்று மனைவியின் பெயரைச் சொன்னவர்களும் நம் நபியே. நம்மில் எத்தனை ஆண்கள் நான்கு பேர் நடுவே மனைவியின் பெயரை அன்போடு சொல்வோம்? “வீட்டில் சொன்னார்கள்” என்று சுவரையும் கூரையையும் அல்லவா பேசவைக்கிறோம்!

பிப்ரவரி 14-ஐ நம் வீடுகளுக்குள் அழைத்துவர நான் இதை எழுதவில்லை. அது அஞ்சல் அட்டையும் ரோஜாவும் விற்பவர்களுடைய நாள், அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதைத் துரத்துகிற வேகத்தில், நம் வீட்டு அடுப்படித் திண்ணைகளில் ஓசையில்லாமல் இருந்துவரும் ஷவ்வால் பத்துகளையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. உங்கள் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களிடமும் ஒரு நாள் இருக்கும். பெரும்பாலும் நமக்குத் தெரிந்திருக்காது.

அந்த ஏப்ரலில் ஷவ்வால் பிறை 10 வந்தபோது அம்மா ஐந்து பொட்டலங்கள் கட்டினார்கள். ஐந்தாவது யாருக்கு என்று கேட்டேன். துண்டுப் பிரசுரம் கொடுத்த இளைஞருக்கு. அவருக்குத் திருமணமாகி அப்போது இரண்டு மாதமும் ஆகவில்லை, மறுவாரம் பயணம், ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. பொட்டலத்தை என்னிடம் கொடுத்தனுப்பும்போது, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கணக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்கள். “நாலுன்னும் இருக்கு, ஆறுன்னும் இருக்கு” என்றேன். “அவன்கிட்ட ஆறுன்னே சொல்லு. நாலுன்னா பயந்துடுவான்.”

சொன்னேன். சிரித்தார், வாங்கிக்கொண்டார். முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகக் கூறினார். டப்பாவைத் திருப்பியனுப்புகையில் வெறுமையாக அனுப்பாமல் அவருடைய மனைவி பேரீச்சம்பழம் வைத்திருந்தாள். அவர் புறப்பட்டுப் போன பிறகு அந்தப் பெண் அஸருக்குப் பின் சில நாள் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. இருவரும் திண்ணையில் அமர்ந்து என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.